மொட்டை கேமைப் பற்றி நீங்கள் சொன்னது

பரமுவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பேகம்பூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில். வண்டியில் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "என்ன சவரியண்ணே, அந்த மொட்டை கேமை இன்னும் வச்சிருக்கீங்களா, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டீங்களா?" என்றான். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். மொட்டை கேம் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் சிரித்தார்கள். நாலாம் நாள் பரமு மாரடைப்பில் போய்விட்டான். சாகும்வரை அவனுக்கு அந்தக் கேம் புரியவில்லை. செத்தவனைப் பற்றி இப்படிச் சொல்கிறானே என்று பார்க்கிறீர்கள். உயிரோடு இருந்தபோதும் அவன் முகத்துக்கு நேராக இதைத்தான் சொன்னேன். செத்துவிட்டான் என்பதற்காக அவனுக்கு ஆடத் தெரியும் என்று மாற்றிச் சொல்ல முடியுமா?

உட்காருங்கள் சார். டீ ஆறுகிறது. கேம் பெட்டியைப் பிறகு பார்க்கலாம், அது எங்கேயும் போகாது.

உங்கள் வீடியோவை என் அண்ணன் மகன் போனில் காட்டினான். "மட்டமான பத்து சண்டை கேம்கள்." அதில் மொட்டை கேமுக்கு நாலாவது இடம் கொடுத்திருந்தீர்கள். முழுதாக மூன்று முறை பார்த்தேன். "ரெண்டு பேரும் பஸ்சுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க பாருங்க" என்று சொல்லிச் சிரித்தீர்கள். கீழே ஆயிரம் பேர் சேர்ந்து சிரித்திருந்தார்கள். இப்போது அதே கேமின் போர்டை விலைக்குக் கேட்டுச் சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள். கிடைப்பதில்லை, அரிதான போர்டு என்கிறீர்கள். மட்டமானது அரிதாக இருந்தால் நல்லதுதானே சார்? அதை எதற்குத் தேடிக்கொண்டு திண்டுக்கல் வரை வரவேண்டும்?

கோபமில்லை. எனக்கு யார் மேலும் கோபமில்லை. நீங்கள் முட்டாள்தனமாகப் பேசியிருக்கிறீர்கள் என்று சொல்வது கோபம் ஆகாது.

நான் எட்டாவது வரை படித்தவன். ரேடியோ, டேப், டிவி ரிப்பேர் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இங்கிலீஷ் வாசிக்க அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். தொண்ணூற்று நாலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் கீழே, வீடியோ கேம் கடை போட்டேன். நாலு பெட்டி. பெட்டி செய்தது நம்ம ஊர் ஆசாரி. உள்ளே பழைய டிவி டியூப். கேம் பதிந்த சர்க்யூட் போர்டு மட்டும் சென்னையிலிருந்து வரும். எல்லோரும் கேட்டது கையிலிருந்து நெருப்பு விடுகிற கேம்தான். நான் வாங்கப் போன அன்று அது தீர்ந்துவிட்டது. வியாபாரி வேறொரு போர்டை எடுத்துக் கொடுத்து, "இதுவும் சண்டைதான், கொண்டு போங்க" என்றான். பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்தது. யாருக்கு வாசிக்கத் தெரியும்? ஆறு ஆட்கள் சண்டை போடுவார்கள், முதல் ஆளுக்கு மொட்டைத் தலை. அதனால் ஊர் வைத்த பெயர் மொட்டை கேம். அந்த அளவுக்குத்தான் இந்த ஊருக்கு யோசனை.

மற்ற கேம்களில் எப்படி? குச்சியைப் பின்னால் இழுத்தால் ஆள் அடியைத் தடுப்பான். இதில் பின்னால் இழுத்தால் பின்னால் நடப்பான், அவ்வளவுதான். அடி விழும். பையன்கள் இழுத்தார்கள், அடி வாங்கினார்கள், பெட்டியை எட்டி உதைத்தார்கள். "தடுப்பே இல்லண்ணே, குப்பை கேம்." பரமுதான் முதலில் சொன்னவன். அவன் அப்போது ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். நெருப்புக் கேமில் அவனை ஜெயிக்க ஊரில் ஆள் இல்லை. அதனால் அவன் சொன்னது எல்லாக் கேமுக்கும் தீர்ப்பு என்றாகிவிட்டது. அவன் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கே பார்த்திருப்பீர்கள். பரோட்டா மாவு பிசைகிற மாதிரி பட்டனைப் பிசைவான். அதற்குப் பெயர் ஆட்டமாம்.

தடுப்பு இருந்தது சார். கையை எடுக்கவேண்டும். குச்சியையும் விடவேண்டும், பட்டனையும் விடவேண்டும். எதையும் தொடாமல் நின்றால் ஆள் தானாகத் தடுப்பான். தடுத்துக்கொண்டு நிற்க நிற்கக் கீழே ஒரு பச்சைக் கோடு வளரும். அது மூச்சு. அடிக்க அடிக்க அடிக்கிறவனுக்கு மூச்சு குறையும். கோடு நிறைந்த பிறகு ஒரே தள்ளு, எதிராளி விழுந்தான். எதிராளியும் விவரமானவனாக இருந்தால் அவனும் கையை எடுத்துக்கொண்டு நிற்பான். இரண்டு பேருக்கும் கோடு நிறையும். இப்போது யார் முதலில் தள்ளுகிறானோ அவனுக்கு ஆபத்து. அவன் தள்ளுகிற அந்த நேரம் நான் கையை எடுத்திருந்தால் அவன் மூச்சு மொத்தமும் எனக்கு வந்துவிடும். அதனால் ஆடத் தெரிந்த இரண்டு பேர் ஆடினால் திரையில் ஒன்றுமே நடக்காது. பார்க்கிறவனுக்கு மெஷின் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். உங்களுக்கு பஸ் ஸ்டாப் மாதிரி இருந்தது.

ஆறு ஆளுக்கும் மூச்சு வேறு வேறு. மொட்டைக்கு மெதுவாக ஏறும், ஆனால் குறையாது. குடைக்காரிக்குச் சுவர் ஓரமாக நின்றால் சீக்கிரம் ஏறும். கிழவனுக்கு நடந்தாலே குறையும். இதையெல்லாம் ஒருவன் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறான் சார். ஜப்பானில் எங்கேயோ. அவனுக்கு நாலாவது இடம் கொடுத்திருக்கிறீர்கள்.

இதைக் கண்டுபிடித்தது நான்.

என் மனைவி ஜெபமாலை மத்தியானம் இரண்டு மணிக்குத் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டு வருவாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன். நாலு மணிக்குத்தான் பையன்கள் வருவார்கள். அதுவரை அவளுக்கு என்ன வேலை? யாரும் தொடாத பெட்டி என்பதால் மொட்டை கேமில் நின்று எதையாவது அழுத்திக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கொண்டை அவிழ்ந்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கி முடிந்துகொண்டிருக்கும்போது கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். கையை எடுத்தா தடுக்குறான்."

"குச்சி இறுகியிருக்கும். மெஷின் ரிப்பேரு. தொடாதே."

"ரிப்பேரு இல்லைங்க. எடுத்தா தடுக்குறான், தொட்டா அடி வாங்குறான். திரும்பத் திரும்ப அப்படித்தான் செய்யிறான்."

நான் கையைக் கழுவிவிட்டு வந்து குச்சியைக் கழற்றி வேறு குச்சி மாட்டினேன். அப்போதும் அப்படியே. பட்டன் ஒயரை மாற்றினேன். அப்போதும் அப்படியே. இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள்தான் இது பழுது இல்லை, கேமே இப்படித்தான் என்று முடிவு செய்தேன். அவள் செய்தாள், இல்லை என்று சொல்லவில்லை. தற்செயலாகச் செய்வது வேறு, இது இன்னது என்று முடிவு செய்வது வேறு.

அதிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு பேரும் ஆடினோம். சாப்பிட்டு முடித்ததும் நான் இடது பக்கம், அவள் வலது பக்கம். அவள் எப்போதும் குடைக்காரி. இரண்டு பேரும் கையை எடுத்துக்கொண்டு நிற்போம். ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். தோளோடு தோள் இடிக்கிற இடம்தான் அது. ஒரு நிமிஷம், அதற்கு மேலும் நிற்போம். பிறகு நான் தள்ளுவேன், விழுவேன்.

"நீங்க தள்ளுறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிக்கிறீங்க" என்பாள்.

"நான் எங்கே பிடிக்கிறேன்?"

"இப்பக்கூடப் பிடிச்சீங்க."

பெரும்பாலும் அவள்தான் ஜெயித்தாள். சாப்பிட்ட உடனே யாருக்கும் கை ஓடாது. ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி ஆடினோம். தொண்ணூற்று நாலு செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை.

டிசம்பரில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவ்வளவு நல்ல கேம், ஒரு பயலும் தொடமாட்டேன் என்கிறான். தொடாமல் போனால் அந்தப் பெட்டியில் வேறு போர்டு மாட்டவேண்டியதுதான். அப்புறம் மொட்டையும் கிடையாது, மத்தியானமும் கிடையாது. ஒரே ஒரு தடவை ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். சுவரில் எழுதி ஒட்டினேன்: மொட்டை கேமில் கடைக்காரரை ஜெயிப்பவருக்கு ஒரு மாதம் எல்லாக் கேமும் இலவசம். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பதினோரு மணி. பரமு வருவான் என்று தெரியும். அவனை வைத்துத்தானே காட்டவேண்டும்?

சனிக்கிழமை ஜெபமாலை கேட்டாள், "நான் ஆடட்டுமா?"

"எதுக்கு?"

"இல்ல, எனக்குத்தான் நல்லா வருது."

"பொம்பளை ஆடி ஜெயிச்சா பொம்பளைங்க கேமுன்னு சொல்லிட்டுப் போயிருவானுங்க. கேமுக்கு என்ன மரியாதை?"

அவள் தூக்குச்சட்டியை மூடினாள். பிறகு, "அப்ப நேரத்தையாவது கூட்டி வச்சுட்டு ஆடுங்க" என்றாள்.

"கடை நடத்துறது எனக்குத் தெரியும்" என்றேன்.

நேரம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். போர்டு ஓரத்தில் எட்டு குட்டி சுவிட்ச் இருக்கும், தீக்குச்சி முனையால் தள்ளலாம். ஒரு ஆட்டம் எத்தனை நொடி என்பது அதில் இருக்கிறது. தொண்ணூற்றொன்பது, அறுபது, முப்பது. எந்தக் கடைக்காரனும் முப்பதில்தான் வைப்பான். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த பையன் காசு போடுவான். இது தொழில். போர்டு வந்த அன்றைக்கே நாலு பெட்டியிலும் முப்பதில் வைத்துப் பூட்டினேன். திரையில் நேரம் மேலே ஓடும். ஆனால் நம்ம ஆசாரி திரைக்கு மேலே வருகிற பலகையைக் கொஞ்சம் கீழே இறக்கி அடித்துவிட்டதால் அந்த எண் பலகைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. நேரம் தெரியாமல் இருப்பதும் கடைக்கு நல்லதுதான்.

ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள். லாட்ஜில் தங்கியிருந்தவர்கள்கூட இறங்கி வந்துவிட்டார்கள். ஜெபமாலை பூசைக்குக் கட்டின சேலையோடு ஷட்டர் ஓரமாக நின்றாள். பரமு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "அண்ணே, இந்த மாசம் உங்க கடையிலதான் எனக்குக் குடித்தனம்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆரம்பித்ததும் பிசைந்தான். முதல் இரண்டு அடி எனக்கு விழுந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு கையை எடுத்தேன். மொட்டை தடுத்தான். "டேய், கையை எடுத்துட்டாருடா. எடுத்துட்டும் அடி விழல பாரு" என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. அதுதான் சார் எனக்கு வேண்டியது. பரமு அடித்துக்கொண்டே இருக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பச்சைக் கோடு ஏறிக்கொண்டிருக்கிறது. பாதி. முக்கால். இன்னும் கொஞ்சம்தான். அப்போது மணி அடித்து ஆட்டம் முடிந்துவிட்டது.

யாருக்கு உயிர் அதிகம் இருக்கிறதோ அவன் ஜெயித்தான். முதல் இரண்டு அடி பரமு அடித்தது. பரமு ஜெயித்தான்.

இரண்டாவது ஆட்டமும் அப்படியே. பாதி, முக்கால், மணி. மூன்றாவது தேவைப்படவில்லை.

"சும்மா நின்னுக்கிட்டே தோத்துட்டாரு!" என்று கத்தினார்கள். பரமு என் தோளில் கை போட்டு, "குப்பைன்னு சொன்னேன்ல, கேட்டீங்களாண்ணே?" என்றான். அவனை நாற்காலியில் ஏற்றி விட்டார்கள். லாட்ஜ் மேனேஜர் என் காதோடு, "ஓய், வேற போர்டு மாட்டுமய்யா" என்றார்.

கூட்டம் போன பிறகு ஷட்டரை இறக்கினேன். மத்தியானம் நிறைகிற கோடு இப்போது ஏன் நிறையவில்லை என்று சத்தமாகவே கேட்டேன். அவளைக் கேட்கவில்லை, மெஷினைக் கேட்டேன். அவள்தான் பதில் சொன்னாள்.

"மத்தியானம் நான் தொண்ணூத்தொம்போதுல வச்சுத்தாங்க ஆடுறது. நீங்க கையக் கழுவப் போறப்ப பெட்டியோட பின்கதவைத் திறந்து மாத்திருவேன். நாலு மணிக்கு முன்னாடி திரும்ப முப்பதுல வச்சிருவேன். முப்பதுல இந்தக் கேமே இல்லீங்க. அதுக்குத்தான் நேத்து சொன்னேன்."

சாவி ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாலு மாதமாக என் போர்டில் கை வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். உள்ளே டியூப் ஓடுகிறது, ஷாக் அடித்தால் ஆள் போய்விடும். அதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இனிமே இதைத் தொடாதே" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

மறுநாள் இரண்டு மணிக்குச் சாப்பாடு வந்தது. தூக்குச்சட்டியை வைத்தாள், போய்விட்டாள். அதற்கு மறுநாளும். நான் கூப்பிடவில்லை. கோபம் தணிந்தால் தானாக நிற்பாள் என்று இருந்தேன். சட்டியை வைப்பாள், போவாள். நான் இடது பக்கம் நின்று மெஷினோடு ஆடிக்கொண்டிருப்பேன்.

இல்லை சார், நீங்கள் சொல்வது தப்பு. நேரத்தால் நான் தோற்கவில்லை. பரமு ஆடத் தெரியாதவன் என்பதால் தோற்றேன். ஆடத் தெரிந்தவன் அப்படிப் பிசையமாட்டான், பிசையாவிட்டால் முதல் அடி விழுந்திருக்காது. நீங்கள் அவனைப் போலவே பேசுகிறீர்கள். சுவிட்சை மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். ஊரே பார்த்துச் சிரித்த மறுநாள் மாற்றுவதா? மாற்றினால் தோற்றதற்கு நான் காரணம் என்று ஆகாதா? கடையை மூடும்வரை ஒன்பது வருடம் முப்பதிலேயே ஓடியது. வேறு போர்டும் மாட்டவில்லை. ஒருவனும் ஆடவில்லை. ஆடாவிட்டால் போகட்டும். இந்த ஊருக்கு அந்த நெருப்பு போதும்.

ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீடியோவில் திரை முழுதாகத் தெரிந்தது. மேலே ஓடுகிற எண்ணை நான் முதல்தடவை அதில்தான் பார்த்தேன். முப்பதிலிருந்து இறங்கியது. எந்தக் கடையில் கழித்த போர்டையோ யாரிடமோ இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறீர்கள். பத்துக் கேமை ஒன்றிலிருந்து பத்து வரை வரிசை போடத் தெரிகிறது. பின்கதவைத் திறந்து அந்த எட்டுச் சுவிட்சையும் ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லையா? ஒருவர் செய்த கேமை அரைகுறையாக ஓட்டிப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் சிரித்துக் காட்டலாமா? அதைக்கூடப் பார்க்காதவனுக்கு என்ன பெயர் சார்?

என்ன? என்னையா கேட்கிறீர்கள்? நான் கடைக்காரன். எனக்கு அது தொழில்.

கடையை மூடியதும் மற்ற மூன்று பெட்டியும் போய்விட்டன. இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த அறையில்தான், இதே இடத்தில். அவள் மேலே துணியை விரித்து மாதா சுரூபத்தை வைத்தாள். ஒரு தடவை, அவளுக்கு உடம்புக்கு வருவதற்கு முந்தின வருடம், மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், சொன்னாள்:

"ஏங்க, அதை ஒருநாள் போடுங்களேன்."

"டியூப் போயிருக்கும்" என்றேன்.

"போட்டுப் பாத்தாத்தானே தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? எத்தனை டியூப் பார்த்திருக்கேன்."

அவள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் போனாள். அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு, சுரூபத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, துணியை எடுத்தேன். பின்கதவைத் திறந்து தூசி தட்டினேன். சுவிட்சைத் தொண்ணூற்றொன்பதில் வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கடை இல்லாதபோது முப்பது எதற்கு? கரண்ட் கொடுத்தேன். டியூபுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரை நிமிஷத்தில் மொட்டை வந்து நின்றான்.

போர்டைக் கொடுப்பதற்கில்லை. அதைக் கேட்கத்தானே வந்தீர்கள், சொல்லிவிட்டேன். ஆடிப் பார்க்கவேண்டுமானால் ஆடுங்கள். வலது பக்கம் நில்லுங்கள். குடைக்காரியை எடுங்கள். அழுத்தாதீர்கள் சார், சும்மா நிற்க முடியாதா? கையை எடுங்கள். எடுத்துவிட்டு நில்லுங்கள். பார்த்தீர்களா, மறுபடி குச்சியைத் தொட்டீர்கள், விழுந்துவிட்டீர்கள். நான் மூச்சைப் பிடித்தேனே, உங்களுக்குத் தெரியவில்லையா? பக்கத்தில்தானே நிற்கிறீர்கள்.

போதும், விடுங்கள். உங்களுக்கு வராது. திண்டுக்கல்லில் இதை ஆடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருவன் இருக்கிறேன்.